கேட்ட காற்றும் கிடைத்த காற்றும்

கேள்வி: ஐயா, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது 2021-இல் வாங்கிய டீசல் எஸ்யுவி. ஆறு கியர், மேனுவல். 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் பள்ளி வீட்டிலிருந்து ஐந்து கி.மீ. கூட இருக்காது, வண்டியின் ஓட்டம் பெரும்பாலும் அவ்வளவுதான். நான்கைந்து மாதமாக பிக்கப் இல்லை. மா ஃப்ளைஓவரில் ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் வண்டி யோசித்து யோசித்துத்தான் ஏறுகிறது. பின்னால் வருகிற மஞ்சள் டாக்சிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். அழுத்தும்போது முன்பக்கத்தில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். ஏசி சத்தம் என்று விட்டுவிட்டேன். பூஜை சமயத்தில் இரண்டு தடவை ஆரஞ்சு நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. அப்போது 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகவே மாட்டேன் என்றது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்போது 11 கொடுக்கிறது. புகை ஒன்றும் இல்லை.

சர்வீஸ் சென்டரில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள். இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஒரு பில்லும் போட்டார்கள். எந்த மாற்றமும் இல்லை. "மேடம், நீங்க ரொம்ப மெதுவா ஓட்டுறீங்க, அதான்" என்கிறார் அங்கிருக்கும் அட்வைசர். இப்போது டர்போவையே மாற்ற வேண்டும், 90,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மல்லிக் பஜாரில் ஒரு மெக்கானிக்கோ, "டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டு சாஃப்ட்வேர் போட்டால் வண்டி பறக்கும்" என்கிறார், அதற்கு 25,000. யார் பேச்சைக் கேட்பது?

ஒரு வாசகி, கொல்கத்தா

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். டர்போவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். டிபிஎஃப் என்ற வடிகட்டியில் யாரையும் கை வைக்கவும் விடாதீர்கள். விடையின் முக்கால் பங்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறது, புகை இல்லை என்று போகிற போக்கில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள். சர்வீஸ் சென்டரில் யாராவது இந்த மூன்றையும் உட்கார்ந்து கேட்டிருந்தால் இன்ஜெக்டர் கிளீனிங் பில் வந்திருக்காது.

சாவியில் தொடங்குவோம். அடைத்துக்கொண்ட ஃபில்டரோ, தேய்ந்த பம்போ, வழுக்கும் கிளட்ச்சோ சாவியை அணைத்துப் போட்டதால் குணமாகாது. குணமானது என்றால், அந்த நேரத்தில் வண்டியின் வேகத்தைப் பிடித்து நிறுத்தியது ஈசியு என்கிற கணினி. இன்ஜினில் ஏதோ ஓர் அளவு தான் எதிர்பார்த்ததிலிருந்து விலகிப் போனதைப் பார்த்து, பழுது பெரிதாகாமல் இருக்க அது சக்தியைக் குறைத்துவிட்டது. இதை மெக்கானிக்குகள் லிம்ப் மோட் என்பார்கள். சாவியை அணைத்ததும் அந்தத் தடை நீங்குகிறது. விலகல் மறுபடி கண்ணில் படும்வரை வண்டி ஒழுங்காக ஓடும். இன்ஜின் தளர்ந்துபோனதால் வந்த நிலை அல்ல இது. கணினி தன் சந்தேகத்தை ஏற்கெனவே நினைவில் எழுதி வைத்திருக்கிறது. விளக்கு அணைந்த பிறகும் அந்தப் பதிவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். யாராவது ஸ்கேனரால் அழித்திருந்தால்தான் போயிருக்கும். அப்படி அழித்துவிட்டார்களா என்பதுதான் நீங்கள் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இன்றைய டீசல் வண்டியில் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. உங்கள் கால் அனுப்புவது ஒரு கோரிக்கை மட்டுமே. அதைப் பார்த்து ஈசியு கணக்குப் போடுகிறது: இந்த வேகத்துக்கு இவ்வளவு காற்றழுத்தம் வேண்டும், டீசல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாயில்) இவ்வளவு அழுத்தம் வேண்டும், இவ்வளவு எடை காற்று உள்ளே வர வேண்டும் என்று. பிறகு சென்சார்களிடம் கிடைத்தது எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கிறது. காற்று குறைவாக வந்திருந்தால் டீசலையும் குறைத்துவிடும். இல்லாவிட்டால் கரியாகப் போகும். உங்கள் காலுக்குத் தெரிகிற பிக்கப் குறைவு இதுதான். ஆகவே 'பிக்கப் இல்லை' என்ற புகாருக்குப் பதில் தேட ஒரே வழி, கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதைப் பார்க்காமல் மாற்றுகிற ஒவ்வொரு பாகமும் வாடிக்கையாளர் காசில் போடும் லாட்டரிச் சீட்டு.

இனி அந்த 'உஸ்ஸ்'. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று ரப்பர் குழாய் வழியாக முன்பக்கம் ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் இன்டர்கூலருக்குப் போய், சூடு தணிந்து, இன்னொரு குழாய் வழியாக இன்ஜினுக்கு வரும். இந்தக் குழாய்களில் எங்காவது விரிசல் இருந்தாலோ, ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, அழுத்தத்தில் இருக்கும் காற்று அந்த வழியாக வெளியே பீறிடும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும், இன்ஜின் இழுக்கும்போது மட்டும் அந்தச் சத்தம் வரும். உங்களுடையது அதேதான் என்பது என் வலுவான சந்தேகம். மூன்றாவது கியரில், ஏற்றத்தில் பலவீனம் அதிகமாகத் தெரிவதும் இதோடு பொருந்துகிறது. டர்போவின் உதவி இன்ஜினுக்கு அதிகம் தேவைப்படுகிற இடம் அது.

சர்வீஸ் சென்டரில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? பானெட்டைத் திறந்து, வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். நியூட்ரலில் இன்ஜினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாமல் டர்போ அழுத்தம் பெரிதாக எழாது. அழுத்தம் எழாதபோது விரிசல் திறக்காது. குழாயின் அடிப்பக்கம்தான் பெரும்பாலும் கிழியும் என்பதால் மேலிருந்து பார்த்தால் கண்ணிலும் படாது. ரோட்டில் எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்காமல் இந்தப் பழுதைச் சந்தேகிப்பதே கடினம். கொல்கத்தாவின் நடுப்பகலில் ஒரு டெக்னீஷியனுக்கு அதற்கான ரோடும் நேரமும் கிடைப்பதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, புகை இல்லை என்பது. இதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே வரை அம்பாசடர் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த டீசல் அம்பாசடரில் காற்று குறைந்தால் பின்னால் வருபவர் முகத்தில் கரும்புகை அடிக்கும், மெக்கானிக்குக்குத் தனியாக ஒரு கருவி தேவைப்பட்டதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு கதையே வேறு. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம் என்றிருந்த வரம்பு 4.5 மில்லிகிராமாக இறங்கியது. அந்த வரம்புக்குள் வருவதற்காகச் சைலன்சர் பாதையில் வைக்கப்பட்டதுதான் டிபிஎஃப் என்னும் கரித்துகள் வடிகட்டி. காற்று குறைந்து இன்ஜினில் கரி உண்டானால், அது இப்போது வெளியே வராது, வடிகட்டிக்குள் சேரும். உங்கள் வண்டி புகைக்கவில்லை என்பதல்ல, புகை முழுவதையும் அது உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் டிபிஎஃப்பில் கரி நிறைய இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது விளைவு. காரணம் அதற்கு முன்னால் இருக்கிறது.

உங்கள் ஊர் இதை இன்னும் மோசமாக்குகிறது. டாம்டாம் நிறுவனம் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுக்கான போக்குவரத்துக் கணக்கில் கொல்கத்தாவில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடம் 33 விநாடி ஆனது. அந்த ஆண்டு இந்தியாவிலேயே அதிகம், பெங்களூரைவிடவும். மணிக்கு 17 கி.மீ. சொச்சம். டிபிஎஃப்பில் சேரும் கரி எரிய அங்கே சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடினால் கொஞ்சம் கரி தானாகவே எரிந்துகொண்டிருக்கும். மீதத்தை எரிக்க ஈசியு அவ்வப்போது கூடுதலாக டீசலைத் தெளித்து வெப்பத்தை ஏற்றும். ரீஜெனரேஷன் என்கிற இந்த வேலைக்கு வண்டி நிற்காமல் ஓடும் 15, 20 நிமிடம் வேண்டும். ராஷ்பிஹாரி அவென்யூவில் நான்கு சிக்னல் தாண்டி, பள்ளி வாசலில் இன்ஜினை அணைத்துவிடுகிறவருக்கு அந்த 20 நிமிடம் எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு தடவையும் எரிப்பு தொடங்கி, பாதியில் அறுந்துவிடுகிறது. தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. மைலேஜ் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே அட்வைசர் சொன்னதில் பாதி சரிதான். ஆனால் மெதுவாக ஓட்டுவது நீங்கள் அல்ல, ஊர். அதை வாடிக்கையாளரின் குறையாகச் சொல்வது, அதிலும் ஓட்டுவது பெண் என்றதும் சொல்வது, சோதனை செய்யாதவர்கள் பிடிக்கிற எளிய வழி. அதோடு, நகரத்தில் ஓடுவதால் மட்டுமே டிபிஎஃப் நிறைந்திருந்தால் அது சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகாது. பலவீனமும் ஆர்பிஎம் ஏற ஏறத்தான் கூடும்.

அடுத்து, என்ன செய்வது. சர்வீஸ் சென்டரில் 'பிக்கப் இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: பதிவான கோளாறு எண்கள் எல்லாவற்றையும், அவை பதிவான நேரத்தில் இருந்த அளவுகளோடு, அச்செடுத்துத் தர வேண்டும், ரோட்டில் ஓட்டிப் பார்த்து, கேட்ட டர்போ அழுத்தமும் கிடைத்த டர்போ அழுத்தமும் குறிக்க வேண்டும். கோளாறு பதிவாகும் கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, பெடல் எவ்வளவு அழுத்தப்பட்டிருந்தது என்று ஈசியு ஒரு படம் பிடித்து வைக்கும். அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எண்களில் சில எல்லாக் கம்பெனிக்கும் பொது. பி-0299 என்றால் டர்போ அழுத்தம் கேட்டதைவிடக் குறைவு. உங்கள் வண்டியில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். பி-0234 என்றால் கேட்டதைவிட அதிகம். அப்படியானால் டர்போவின் உள் இறக்கைகள் கரியில் சிக்கி நகராமல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பி-2463 டிபிஎஃப்பில் கரி மிகுந்துவிட்டது என்பதைச் சொல்லும். பி-0087 டீசல் ரெயிலின் அழுத்தம் குறைவு. பி-0101 காற்று அளக்கும் சென்சாரின் கணக்கு இடிக்கிறது என்று பொருள். முதலும் மூன்றாவதும் சேர்ந்து இருந்தால் எது முன்னால் பதிவாயிற்று என்று கேளுங்கள். எந்தக் கிலோமீட்டரில் என்பதைப் பல வண்டிகளில் பார்க்க முடியும்.

கோளாறு எண் பாகத்தின் பெயர் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பி-0299 என்று ஸ்கேனர் காட்டியதும் 'டர்போ போச்சு' என்று முடிவு கட்டுவதுதான் உங்களுக்கு நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த எண் சொல்வது அழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான். உண்மையிலேயே குழாய் கசிந்துகொண்டிருந்தால், இழப்பை ஈடுகட்ட ஈசியு டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவைக்கும். ஏற்கெனவே நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுழல்கிற பொருள் அது. கசிவை விட்டுவிட்டு 90,000 ரூபாய்க்குப் புது டர்போ போட்டால், அதையும் அந்தக் கசிவு தின்றுவிடும்.

நீங்களே பார்க்க ஆசை என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி ஃபோனில் பார்க்கிற சிறிய புளூடூத் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. முதலில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். இன்டேக் அழுத்தம் என்ற அளவைப் பாருங்கள். கொல்கத்தா கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அங்கே அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தமும் அதுவே. 85 என்றோ 120 என்றோ காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, கதை அங்கேயே முடிந்தது. டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் உங்கள் கருவியில் தெரிந்தால், இன்ஜின் ஓடாதபோது அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்தச் சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் வெடித்தாலே டிபிஎஃப்பைப் பற்றித் தவறான தகவல் போய்விடும்.

பிறகு ரோட்டுச் சோதனை. உங்கள் பேட்டையில் முடியாது. ஈஎம் பைபாஸ் சிக்னல்களிலும் முடியாது. ஞாயிறு விடியற்காலையில் டான்குனி தாண்டி துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேக்குப் போங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும்; ஃபோனைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுகிறவருடையது அல்ல. முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில், மூன்றாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மில் தொடங்கி 3,000 வரை பெடலை முழுக்க அழுத்துங்கள். நல்ல டர்போ டீசலில் இன்டேக் அழுத்தம் 200 கிலோபாஸ்கலைத் தாண்டிப் போகும். பல இன்ஜின்களில் 220-க்கும் மேல். உங்கள் வண்டி 150, 160-இல் தவித்துக்கொண்டிருந்தால் சந்தேகம் உறுதி. அந்த நேரத்தில் பெடல் எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். முழுக்க அழுத்தியும் 80-ஐத் தாண்டவில்லை என்றால் கீழே கிடக்கும் தடித்த மேட்டை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சிரிக்க வேண்டாம், வெளியில் வாங்கிப் போட்ட மேட், பெடலின் அடியில் மடங்கி நின்று பிக்கப்பைக் குறைப்பது நடக்கிற காரியம்தான். ஈகோ மோடில் வைத்துவிட்டு மறந்துபோவதும் அப்படியே.

கசிவைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கிடம் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லலாம்: குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் புகையை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. அந்தக் கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஈரம் இருக்கும். கசிகிற இடத்தில் அது வெளியே வந்து தூசியைப் பிடித்துக் கறுப்புப் பசையாகப் படியும். கீழிருந்து, லிஃப்டில் ஏற்றி, ஒவ்வொரு கிளாம்பையும் ஒவ்வொரு வளைவையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே டர்போவின் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்களையும் பார்க்கட்டும். உங்கள் வண்டியில் அது மின்மோட்டாரால் இயங்கும் வகை என்றால் இந்தக் குழாய் இருக்காது. லேக் மார்க்கெட் மாதிரி காய்கறிச் சந்தையை ஒட்டிய தெருவில் இரவு முழுவதும் நிற்கும் வண்டியில் எலி ஏறிக் குழாயைக் கடிக்காமல் இருக்காது.

மழையையும் விட்டுவிட முடியாது. 2025 செப்டம்பர் 22 இரவிலிருந்து 23 காலை வரை கொட்டியதில் கொல்கத்தாவின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. நீங்கள் சொல்லும் ஆரஞ்சு விளக்கு எரிந்ததும் அதை ஒட்டி வந்த பூஜையில்தான் என்றால் ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் தண்ணீரில் வண்டி ஓடியதா, அல்லது நின்றதா? ஓடியிருந்தால் இன்டர்கூலர் பக்கத்துச் சென்சார்களின் கனெக்டர்களைக் கழற்றி, ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக் கோடு இருந்ததா என்று ஃபில்டர் மாற்றியவரையே கேளுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்து உப்பினாலே காற்று குறையும். தண்ணீர் அதையும் தாண்டி சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆனால் அப்படி ஆன வண்டி ஐடிலிலேயே உதறும், சாவிக்குக் கட்டுப்படாது. எனவே அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

கிளட்ச்சை நான் சந்தேகிக்கவில்லை. கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் பறக்கும், வேகம் ஏறாது. உங்களுக்கு ஆர்பிஎம்மே ஏறவில்லை. டீசல் ரெயில் அழுத்தத்தையும் அதே ரோட்டுச் சோதனையில் பார்த்துவிடலாம். முழு பெடலில் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போனால் பம்பும் இன்ஜெக்டரும் நிரபராதிகள். குழாய் எல்லாம் சரியாக இருந்து, அழுத்தம் மட்டும் தாமதமாக எழுந்து பிறகு தாண்டிக் குதித்தால், டர்போவின் இறக்கைகளில் கரி என்று பொருள். அப்போதும் முதலில் சுத்தம் செய்து பார்க்கலாம். ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றித் தீர்க்க முடிகிற வண்டிகளும் உண்டு. டர்போவை முழுசாக மாற்றுவது கடைசி. அதன் தண்டைக் கையால் அசைத்து ஆட்டம் இருக்கிறதா, இறக்கை உறையில் உரசிய தடம் இருக்கிறதா என்று உங்களுக்குக் காட்டிய பிறகுதான்.

கசிவை அடைத்த பிறகு வேலை பாதிதான் முடிந்திருக்கும். டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க வேண்டும். டர்போ கோளாறு பதிவில் இருக்கும்போது பல வண்டிகள் ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. டேங்க் ரிசர்வில் இருந்தாலும் தொடங்காது. எனவே பழுதைச் சரிசெய்து, பதிவை அழித்து, பிறகு சர்வீஸ் சென்டரிலேயே ஸ்கேனர் வழியாக எரிக்கச் சொல்லுங்கள். டிபிஎஃப் விளக்கோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிகிற நிலைமைக்கு வந்துவிட்டால் நெடுஞ்சாலையில் விரட்டி எரித்துவிடலாம் என்று முயல வேண்டாம். கரியை எரித்து முடித்த பிறகு இன்ஜின் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டுக்கு மேலே நின்றால், யாரோ அதிகமாக ஊற்றியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது டீசல். புது ஆயில் உங்கள் மேனுவலில் சொன்ன தரத்தில், டிபிஎஃப் வண்டிகளுக்கான சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியில் அப்படியே தங்கிவிடும்.

பிறகு பழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, டேங்கில் பாதிக்குக் குறையாமல் டீசலோடு, அரை மணி நேரம், மணிக்கு 60 கி.மீ.க்கு மேல், நிற்காமல் ஓட்டுங்கள். 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாத கியரில். வித்யாசாகர் சேதுவைத் தாண்டி கோனா எக்ஸ்பிரஸ்வே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சாந்த்ராகாச்சி லாரிகளுக்கு நடுவே நின்றுதான் வருவீர்கள். வர்தமான் போகும் துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேதான் சரி. சக்திகரில் நிறுத்தி லாங்சா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் இந்தச் செலவுக்கு எதிர்ப்பும் இருக்காது. நகரத்துக்குள் ஓட்டும்போது ஐடிலில் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நின்றாலோ, இறங்கும்போது விசிறி பலமாகச் சுற்றிச் சூட்டு வாடை அடித்தாலோ, எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அப்போது முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்து நிறுத்துங்கள்.

மல்லிக் பஜார் யோசனைக்கு வருகிறேன். டிபிஎஃப்பை எடுத்தால் வண்டி கொஞ்சம் லேசாக ஓடும் என்பது பொய்யல்ல. ஆனால் கசிகிற குழாய் அப்படியே இருக்கும். கரி இப்போது ராஷ்பிஹாரி அவென்யூவில் நிற்கிறவர்கள் நெஞ்சுக்குப் போகும். கொல்கத்தாவின் டிசம்பர், ஜனவரி காற்றைச் சுவாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கழற்றிய மெக்கானிக் அல்ல, உரிமையாளர். வாரன்ட்டி பேச்சும் அதோடு முடியும். மல்லிக் பஜாரில் கை சுத்தமான, மூளை கூர்மையான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்டர்கூலர் குழாயைப் பார்க்கச் சொல்லிப் போங்கள், இதற்குப் போகாதீர்கள்.

கசிவே இல்லை, ரோட்டில் நிற்காமல் ஓட்டியும் டிபிஎஃப் எரியவில்லை என்று வந்தால், உங்களைக் குற்றம் சொல்ல இடமில்லை. வடிவமைப்பே தவறாக இருக்கலாம் என்பதற்கு முன்மாதிரி உண்டு. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 2,64,170-இன் டிபிஎஃப் ஏற்பாட்டில் குறை இருந்தது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கே சிக்கல் நகர நெரிசலில் அல்ல, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓடியபோதுதான். இப்படி ஒரு வழக்கு நிற்க வேண்டுமானால் பதிவுகள் வேண்டும். அதனால்தான் ஜாப் கார்டையும் அச்செடுத்த தாளையும் விடாமல் வாங்கிவைக்கச் சொல்கிறேன். வாரன்ட்டிப் புத்தகத்தில் மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கான பக்கம் தனியாக இருக்கும். 2021 வண்டிக்கு, நீட்டித்த வாரன்ட்டி எடுத்திருந்தால், இன்னும் காலம் மீதி இருக்கலாம். எழுத்தில் கேட்டும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்.

பெட்ரோல் டர்போ எஸ்யுவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: எல்லாப் பழியையும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலின் மேல் போடாதீர்கள். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் ஏற்றத்தில் திடீரென்று வண்டி உதறுகிறது, இழுக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், அதே டர்போ குழாய், இந்த வரிசையில் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு என் ஊகம்: இன்டர்கூலர் குழாய் ஒன்று அல்லது அதன் கிளாம்ப்; சில ஆயிரம் ரூபாயில் முடியும், ஆயில் மாற்றுவதையும் சேர்த்தே. டர்போ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால், கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் குறித்த தாளையும் டர்போ தண்டின் ஆட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். தாள் கிடைத்தால் அதன் நகலை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.